எண்ணெய் ஊற்றும் பெண்

அன்னூரில் போய் நஞ்சம்மாள் வீடு எது என்று கேட்டால், எந்த நஞ்சம்மாள் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு நஞ்சம்மாள். "எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குமே, அந்த நஞ்சம்மா" என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துவிடும். சத்தி ரோட்டில் கடலை எண்ணெய் மில்லும் அதை ஒட்டி வீடும் இருக்கிற இடத்துக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள்.

வம்புக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டில் என்ன சண்டை, யார் மகள் யாரோடு பேசினாள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டவே வேண்டாம். பல் டாக்டர் குறடோடு கிட்டே வரும்போது, "ஏனுங்க, புடுங்கின பல்லையெல்லாம் அப்பறம் என்னங்க பண்ணுவீங்க?" என்று திறந்த வாயோடு கேட்பாள். தையல் மெஷினில் மேலே இருக்கிற நூல் சரி, அடியில் இருக்கிற நூல் எப்படி மேலே வந்து அதைக் கோத்துக்கொள்கிறது என்று பார்ப்பதற்காக மெஷினையே கழற்றிப் போட்டாள். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவளுக்குப் புது ரவிக்கை கிடையாது. கணவர் செங்கோட்டையன் நல்ல மனிதர், மில்லை நடத்துகிறவர், ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே பாதிப் பொழுதை மெஷின் சத்தத்தில் கழித்தார். கேள்வி காதில் விழுந்துவிட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரே மகன் தீபக் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு, வீட்டில் அவள் கேள்வியைக் காதில் வாங்குவதற்கும் ஆள் இல்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷத் தொடக்கத்தில், உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் கோயமுத்தூர் போயிருந்தாள். காந்திபுரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாடிப்படியின் அடியில் ஒதுங்கினாள். பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு பலகை: 'எண்ணெய் ஓவியம் கற்றுத் தரப்படும். பெண்களுக்கு. புதன்தோறும்.' வேறு யாராக இருந்தாலும் ஓவியம் என்கிற சொல்லைத்தான் பார்த்திருப்பார்கள். கட்டி வந்த நாளிலிருந்து எண்ணெயில் குளித்து எண்ணெயில் சமைத்து எண்ணெய் வாசத்திலேயே தூங்குகிறவளுக்கு முதல் சொல்தான் கண்ணில் பட்டது. விறுவிறுவென்று படியேறிவிட்டாள்.

மேலே கயல்விழி என்ற பெண் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மதுக்கரைக்காரி, அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. கும்பகோணம் போய் ஓவியம் படித்துவிட்டு வந்து அந்த அறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். நஞ்சம்மாளின் வயதில் பாதிதான் இருப்பாள்.

"ஏனுங்க, கீழ போர்டுல எண்ணெய்னு போட்டிருக்குதே. எந்த எண்ணெய்ங்க?"

பலகை மாட்டிய நாளிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை. கயல்விழி சிரித்துவிட்டாள். "ஆளி விதை எண்ணெய்ங்க அக்கா."

"அதுல எதுக்குங்க வரையோணும்? தண்ணியில வரைஞ்சா ஆகாதுங்களா?"

"நீங்க எதுனால ஆகாதுன்னு நெனைக்கறீங்க?"

நஞ்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்து மூன்று வயதில், அவள் கேட்ட கேள்விக்கு இன்னொரு கேள்வியைப் பதிலாகத் தந்த முதல் ஆள் இந்தப் பெண். மழை விட்டது தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சேலை எடுக்கப் போனவள் வெறுங்கையோடு அன்னூர் பஸ்ஸில் ஏறி, அடுத்த புதன்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவும் கிளியும் வரையச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் போனாள். கயல்விழியின் பாடம் வேறு. அந்தக் காலத்துப் பெரிய ஓவியர்களின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைய வேண்டும். கோட்டைப் பார்த்துக் கோடு போடுவது கணக்கில்லை. அந்த மனிதர் எதை முதலில் செய்தார், எதை அதன் மேல் செய்தார், எங்கே கையை நிறுத்தினார் என்று கண்டுபிடித்து, அதே வரிசையில் நாமும் செய்துகொண்டு போக வேண்டும்.

"படத்தைக் காப்பி அடிக்காதீங்க அக்கா. அவரு வேலை செஞ்ச முறையைக் காப்பி அடிங்க. உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு கழட்டிப் பாக்கறோம், அவ்வளவுதான்."

கழற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது! தையல் மெஷினைக் கழற்றியதற்காக ஒரு வருஷம் கேலிக்கு ஆளானவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அச்சுப் படங்களின் கட்டிலிருந்து அவள் எடுத்தது ஓரம் கிழிந்த ஒன்று. ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்ததாம். வரைந்தவர் பெயர் கிழிந்த ஓரத்தோடு போய்விட்டது. ஒரு சமையலறை. இடது பக்கம் ஜன்னல். நீலப் பாவாடை கட்டிய ஒரு பெண், சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, செங்கல் தரையில் நின்று, மண் ஜாடியிலிருந்து கண்ணாடிக் குப்பிக்கு எண்ணெய் ஊற்றுகிறாள். மஞ்சளாக ஒரு மெல்லிய இழை விழுந்துகொண்டே இருக்கிறது.

"இது நம்ம ஊட்டு வேலைங்க டீச்சர். இவ ஊத்தறது என்ன எண்ணெய்ங்க?"

"தெரியலைங்க அக்கா."

"வரைஞ்சவரு சாயத்தைக் கொழைச்சது எந்த எண்ணெய்ங்களோ. இதுவும் அதுவும் ஒண்ணா இருக்குமுங்களா?"

"அதுவும் தெரியலையே" என்றாள் கயல்விழி. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற டீச்சர். நஞ்சம்மாளுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

முதலில் மொத்தப் படத்தையும் ஒரே பழுப்பு நிறத்தில் போட வேண்டும். வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று மட்டும். நீலமும் மஞ்சளும் அப்புறம்தான். டர்பென்டைனும் ஆளி விதை எண்ணெயும் கலந்து டீச்சரே குழைத்துக் கொடுப்பாள். புதன்கிழமை புதன்கிழமையாக அந்தப் பழுப்பிலேயே ஜன்னலும் ஜாடியும் பாவாடை மடிப்பும், பாவாடைக்கு அடியில் இரண்டு பாதங்களும் எழும்பி வந்தன. கருப்புச் சாயத்தை டீச்சர் கண்ணிலேயே காட்டவில்லை. நிழல் என்பது கருப்பு இல்லை, போய் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

நஞ்சம்மாள் வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்தான். உற்றுப் பார்க்கப் பார்க்க அதில் வெள்ளையைத் தவிர எல்லாம் இருந்தது. ஜன்னல் பக்கம் மஞ்சள், மூலையில் புகை பிடித்த ஊதா, செம்புக் குடத்தின் ஓரத்தில் சிவப்பு. கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கொடத்து நிழலு என்ன நெறமுங்க?"

"நிழலு நெறம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இன்னொரு சங்கதி அவளைக் குடைந்தது. அச்சுப் படத்தில் அந்த எண்ணெய் இழை முழுசாக இல்லை. ஜாடி வாயில் பளிச்சென்று தொடங்கி, நடுவில் காணாமல் போய், குப்பிக்கு மேலே மறுபடி மின்னியது. பெரிய ஓவியர் அசட்டையாக விட்டுவிட்டாரா? இல்லை, அச்சுக்காரன் செய்த கோளாறா? ஒரு காலை வேளையில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, தூக்குச்சட்டியிலிருந்து ஒரு பாட்டிலுக்கும் பாட்டிலிலிருந்து தூக்குச்சட்டிக்குமாகக் கடலெண்ணெயை ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். காபிக்கு வந்த செங்கோட்டையன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, என்ன பண்றே?"

"எண்ணெயைப் பாக்கறனுங்க."

"கண்ணாலம் ஆன நாள்ல இருந்து எண்ணெயைத்தான பாத்துட்டிருக்கறே?"

"இல்லீங்க. இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்."

அப்போதுதான் அது தெரிந்தது. வெளுத்த சுவருக்கு முன்னால் வரும்போது இழை சுவரோடு கலந்து மறைகிறது. இருட்டு மூலைக்கு முன்னால் வந்ததும் மின்னுகிறது. "அந்த ஆளு பொய் சொல்லலீங்க! அவரும் ஊத்திப் பாத்திருக்கறாருங்க!" என்று கத்தினாள். கையில் இருந்த எண்ணெய் தரையெல்லாம் ஆனது. செங்கோட்டையன் வழுக்காமல் பார்த்துக் காலை வைத்துத் தாண்டிப் போனார்.

பழுப்புப் பூச்சு நன்றாகக் காய்ந்தது. அதைப் போர்வையில் சுற்றி, அன்னூர் பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்துசேர்ந்தாள். இனி அதன் மேல் வண்ணம். வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்லி டீச்சர் ஒரு சின்னக் குப்பி ஆளி விதை எண்ணெயையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். இங்கேதான் விஷயம் கெட்டது.

செங்கோட்டையன் அந்தக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எண்ணெய் என்றால் அவர் விடமாட்டார். மூடியைத் திருகினார், வரவில்லை. வேட்டித் தலைப்பை வைத்து அழுத்தித் திருகித்தான் திறந்தார். மூடியின் ஓரமெல்லாம் மஞ்சளாகக் கட்டிக் கிடந்தது. முகர்ந்தார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். முகம் கோணிப்போனது.

"அட கெரகமே, இது கெட்டுப்போன எண்ணெய் புள்ள. மூடியிலயே பிசின் கட்டிக் கெடக்குது பாரு. நம்ம எண்ணெயை ஒரு வருசம் தொறந்து வெச்சாலும் இப்பிடிப் பிசின் கட்டுமா?"

"டீச்சர் இதைத்தானுங்க சொன்னாங்க."

"டீச்சருக்கு வரையத் தெரியும். எண்ணெயைப் பத்தி எனக்குத் தெரியும். எண்ணெய் மில்லுக்காரன் பொண்டாட்டி மருந்து குப்பியில எண்ணெய் வாங்கியாந்தான்னா ஊரே சிரிக்கும்."

சொன்னதோடு நில்லாமல், மில்லுக்குப் போய் அன்றைக்கு ஆட்டி வடிகட்டித் தெளிந்த எண்ணெயில் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். தேன் மாதிரி இருந்தது. அவர் அவளுடைய படத்துக்கென்று தானாகச் செய்த முதல் காரியம் அது. நஞ்சம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் குப்பியை அலமாரியின் பின்னால் தள்ளிவிட்டாள்.

அந்தச் சமயத்தில், சேலை எடுக்கப் போனாளே, அந்தக் கல்யாணமும் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில், மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர் வேங்கடசாமி நாயுடு, செங்கோட்டையனுக்கு வியாபார சிநேகிதர், நாலு பேர் கேட்கும்படி வாயை விட்டார்.

"என்னங்க, உங்க ஊட்டம்மா புதன்கிழமையானா பள்ளிக்கூடம் போறாங்களாமா? முழுப்பரீட்சை எப்பங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். செங்கோட்டையனும் கூடச் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இந்தா பாரு. ஆயுத பூசைக்குள்ள ஒரு படத்தை முடி. நம்ம மில்லு சுவத்துல மாட்டு. மாட்டி, நாலு பேரு பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லோணும். சொன்னாங்கன்னா நீ எந்தப் புதன்கெழமை வேண்ணாலும் போ. இல்லீன்னா அத்தோட ஏறக்கட்டிப்போடு. நான் சொல்லிப்போட்டேன்."

"சரிங்க" என்றாள் நஞ்சம்மாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. செங்கோட்டையனுக்கே அது என்னவோ போல் இருந்தது.

அவள் பயந்துபோயிருந்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் அவள் என்ன கேட்டாலும் கிடைத்தது சிரிப்புதான். வாரத்தில் ஒரு நாள், காந்திபுரத்து மாடி அறையில் மட்டும், அவள் கேட்டதற்கு மதிப்பு இருந்தது. அது போய்விட்டால் மறுபடியும் பல் டாக்டர் கதையைச் சொல்லிச் சிரிக்கிற ஊர்தான் மிச்சம். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

விழுந்து விழுந்து வேலை செய்தாள். கடலெண்ணெயில் குழைத்த சாயம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாவாடையின் நீலம் வந்தது, செங்கல் தரையின் சிவப்பு வந்தது. முகம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கன்னம் உப்பிக்கொண்டது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். சரியாக வரவில்லை, மறுபடி துடைத்தாள். மறுநாளும் துடைக்க வந்தது, அடுத்த வாரமும் துடைக்க வந்தது. இப்படித் துடைத்துத் துடைத்துப் போட்டதில், ஒருநாள் அந்தப் பெண் குனிந்து ஜாடியைப் பார்க்கிற பார்வை அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசியாக ஒரே மூச்சில் அந்த இழையைப் போட்டாள். நடுவில் தூரிகையைத் தூக்கி, கீழே மறுபடி தொட்டாள்.

படம் முடிந்தது. காயத்தான் இல்லை.

புதன்கிழமை போய்க் கேட்டாள். "எண்ணெய்ச் சாயம் மெதுவாத்தான் காயும் அக்கா. அந்தக் காலத்துல மாசக்கணக்கா காத்திருப்பாங்க. அவசரப்படாதீங்க" என்றாள் கயல்விழி. அவள் நினைப்பில் அந்தக் குப்பி எண்ணெய். எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொண்டுதான் நஞ்சம்மாள் முதல் நாள் அந்தப் படியேறினாள். இன்றைக்கு அதே கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. உலகத்தையெல்லாம் கேள்வி கேட்கிறவளுக்கும் அது தோன்றவில்லை.

வடகம் காயவைக்கிற கட்டிலில் படத்தைப் போட்டு வெயிலில் வைத்தாள். ஃபேனுக்கு அடியில் வைத்தாள். கடலைத் தோல் பறந்துவந்து பாவாடையில் ஒட்டிக்கொண்டது, ஊசியால் எடுத்தாள். விரலால் தொட்டால் நேற்றுப் போட்ட மாதிரி வந்தது. ஆயுத பூஜையோ வந்தேவிட்டது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், மில்லில் மூட்டை தூக்குகிற மாசாணம் ஆணி அடிக்க, செங்கோட்டையனே படத்தை மாட்டினார். அவர் அதை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் கண் அந்த இழையிலேயே இருந்தது.

"நம்ம எண்ணெயாட்டவே உழுகுது" என்றார். பிறகு, "ஏம்புள்ள, கண்ணாடி போடலையா?"

"எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி போடறதில்லீங்களாமா."

காயவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இறக்கிவிடுவார். இறக்கினால் அத்தோடு முடிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மில் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பொட்டு வைப்பது மாசாணத்தின் பொறுப்பு. ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒன்றில் குங்குமம். ஆட்டுகிற மெஷினுக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார், லாரிக்கு, சைக்கிளுக்கு, ஸ்பேனருக்கு, கல்லாப் பெட்டிக்கு, டெலிபோனுக்குக்கூட வைத்தார். அன்றைக்கு நம் ஊரில் பொட்டு வாங்காமல் ஒரு சாமான் தப்ப முடியாது. நஞ்சம்மாள் படத்தைவிட்டு நகரவில்லை. யாராவது கிட்டே வந்தால், "அக்கட்டால வாங்க, இங்க நின்னாத்தான் நல்லாத் தெரியும்" என்று தள்ளி நிறுத்தினாள். தள்ளி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடலை பொறுக்குகிற பெண்கள், "அதென்னுங்க அம்மிணி, எண்ணெய் நெசமாவே ஊத்தறாப்பல இருக்குது!" என்றார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த வேங்கடசாமி நாயுடு வாயைத் திறக்கவில்லை. அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "அம்மிணி, பொரி பத்தாதாட்ட இருக்குதுங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். வீடு பின்னால்தானே என்று ஓடினாள்.

பொரிக் கூடையோடு திரும்பி வரும்போது மணிச் சத்தம் ஓய்ந்திருந்தது. உள்ளே நுழைந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஐரோப்பியப் பெண்ணின் நெற்றியில் பெரிதாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கற்பூரத் தட்டு அவளுக்கும் காட்டியாகிவிட்டது. அவள் முன்னால் ஆட்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து அவள் பாதத்தைத் தொட்டார்கள், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் படம் என்றால் மேலே கண்ணாடி இருக்கும். கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டே பழகிய கைகள்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று கத்தினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். எல்லார் கண்ணிமையிலும் சாயம். மாசாணத்துக்குச் செங்கல் சிவப்பு. கடலை பொறுக்குகிற பெண்களுக்கு நீலமும் சிவப்பும் கலந்து. வேங்கடசாமி நாயுடுவுக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் சிவப்பு. நடுவில் செங்கோட்டையன், இரண்டு கண்ணிலும் பாவாடை நீலம் பூசிக்கொண்டு, என்ன ஆனது என்று தெரியாமல் நின்றார்.

"பொட்டு வெச்சது ஆருங்க?" என்றாள்.

"நான்தானுங்க அம்மிணி" என்றார் மாசாணம். "எண்ணெய் மில்லுல எண்ணெய் ஊத்தறவங்களுக்கு வெக்காம வேற ஆருக்குங்க வெக்கறது?"

அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு மில்லே அதிர்ந்தது. எல்லாரும் குழாயடிக்கு ஓடினார்கள். சிரிக்காதவள் நஞ்சம்மாள் ஒருத்திதான். பொரிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாலும் விம்மல் வெளியே கேட்டது.

குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், சாயம் போகவில்லை. யாரோ கொஞ்சம் கடலெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. செங்கோட்டையனும் துடைத்தார். துடைத்த துணியை மூக்குக்குக் கொண்டுபோனார். இரண்டு விரலுக்கு நடுவில் அந்த நீலத்தைத் தேய்த்துப் பார்த்தார். நேராகப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது நம்ம எண்ணெய்."

"ஆமாங்க" என்றாள் அவள், தலை நிமிராமல். "நீங்க குடுத்ததுதானுங்க."

கை பட்ட இடத்தில் நீலமும் சிவப்பும் போய்விட்டிருந்தன. ஆனால் பாதங்கள் போகவில்லை. பழுப்பு நிறத்தில், நிழலும் வெளிச்சமுமாக, இரண்டு பாதங்களும் பாவாடை ஓரமும் அப்படியே இருந்தன. செங்கோட்டையன் கட்டை விரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். நகரவில்லை. நகத்தால் சுரண்டினார். அப்போதும் வரவில்லை.

"இது என்னது அடியில?"

"மொதப் பூச்சுங்க. டீச்சர் எண்ணெய்ல போட்டது."

"அந்தப் பிசின் கட்டற எண்ணெயா?"

"ஆமாங்க."

அவர் கட்டை விரலைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார்.

தீர்ப்பு வந்துவிட்டது என்று நஞ்சம்மாள் எடுத்துக்கொண்டாள். படத்தை இறக்கி வீட்டுச் சுவரோரம் திருப்பி வைத்தாள். அடுத்த புதன்கிழமை வந்தது. கேள்வி கேட்கிறவளே தவிரச் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. கிளம்பவில்லை. எப்போதும் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவதைச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டாள். முறத்தில் இருந்த பருப்பில் கல் இல்லை, இருந்தும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

செங்கோட்டையன் உள்ளே வந்தார். தோளில் ஒரு சின்ன மூட்டை. முறத்துக்குப் பக்கத்தில் இறக்கிக் கட்டை அவிழ்த்தார். பழுப்பாக, வழவழவென்று, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய விதை.

"ஆளி விதை. கோயமுத்தூர்ல நாட்டு மருந்துக் கடையில புடிச்சேன். சின்ன மெஷினைக் கழுவி வெச்சிருக்கறேன், நாளைக்கு ஆட்டிப்போடலாம்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏன் இன்னும் கெளம்பல?"

"படந்தான் போயிருச்சுங்களே."

"மாட்டச் சொன்னேன், மாட்டினே. நாலு பேரு பாக்கோணும்னேன், பாத்தாங்க. நல்லாருக்குதுன்னு சொன்னாப் போதும்னேன், கும்பிடவே கும்பிட்டுப்போட்டாங்க. நாயுடு நேத்து போன்ல, படத்துல இருக்கற அந்தம்மா எந்தச் சாமின்னு கேக்கறாரு. இதுக்கு மேல என்ன புள்ள வேணும்? படத்தை நீ சரியாத்தான் போட்டே. எண்ணெய்தான் தப்பு, நம்ம எண்ணெய் எந்நாளும் காயாது. எண்ணெய் என்ர பாடு."

நஞ்சம்மாள் முறத்தைப் பிடித்தபடியே இருந்தாள். அவர் போகவில்லை. ஒரு பிடி விதையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"ஏம்புள்ள, இந்த எண்ணெய் காயுதுங்கறாங்களே. காயறப்ப அது என்ன ஆகுது? தண்ணியாட்ட ஆவியாப் போயிருதா, இல்ல உள்ளுக்குள்ளயே இருந்து இறுகுதா? ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கறேன், எனக்கு ஒண்ணும் புடிபடல."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில், அவள் கேட்கிற மாதிரிக் கேள்வி ஒன்றை அவர் அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"தெரியலீங்க" என்றாள். "டீச்சரைத்தானுங்க கேக்கோணும்."

"அப்ப உக்காந்துட்டு என்ன பண்றே? அடுத்த பஸ்ஸைப் புடி. போய்க் கேட்டுட்டு வா."

முறத்தை அப்படியே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நஞ்சம்மாள் சத்தி ரோட்டுக்கு ஓடினாள்.